புற நரம்பின் நோயைப் படம் சொல்லுமா?

கை மரத்துப்போகிறது, பாதம் தூக்க வரவில்லை, விரல் மடங்க மறுக்கிறது என்று வருபவரிடம் மருத்துவம் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறது. பழுது நரம்பின் எந்த இடத்தில் இருக்கிறது? அந்த நரம்பு மீளுமா? இரண்டுக்கும் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டாக முதன்மையான விடையைத் தந்துவருவது மின்சோதனை. 1990-களின் தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. அதற்குப் போட்டியாக வந்தது. நரம்பையே நேராகப் பார்த்துவிடலாம் என்று அதை உருவாக்கியவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பலித்தது என்பதில் நரம்பியல் மருத்துவர்கள், கதிரியக்க மருத்துவர்கள், அறுவை மருத்துவர்கள் ஆகிய மூன்று தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இந்தக் கருத்து வேறுபாட்டின் பெரும்பகுதி, முதல் கேள்விக்கு நன்றாக விடை சொல்லும் கருவியிடம் இரண்டாம் கேள்விக்கும் அதே உறுதியை எதிர்பார்ப்பதால் வருகிறது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

படத்துக்கு முந்தைய விடைகள்

நரம்பைச் சோதிக்கும் மிகப் பழைய கருவி மருத்துவரின் விரல். முழங்கை எலும்புக்குப் பின்னால் ஓடும் அல்நார் நரம்பையும் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக வளைந்து செல்லும் பெரோனியல் நரம்பையும் தடவிப் பார்த்தே தடிப்பை அறிந்துவிடலாம். தொழுநோய்ப் பிரிவுகளில் இன்றும் இதுதான் முதல் சோதனை. ஆனால் தசைக்கு அடியில் புதைந்துள்ள நரம்புகளை விரல் எட்டாது.

1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தி பயணிக்கும் வேகத்தை அளந்தார். அதே ஆண்டில் அகஸ்டஸ் வாலர், வெட்டுப்பட்ட நரம்பின் கீழ்ப்பகுதி சிதைவதை விவரித்தார். ஒன்று செயலின் அளவை. மற்றொன்று உருவின் அளவை. பின்னால் வந்த விவாதம் முழுவதற்கும் இவ்விரண்டு பாதைகளே அடித்தளம். செயலை அளக்கும் பாதை முதலில் முன்னேறியது. 1948-இல் ஹோட்ஸ், லாராபீ, ஜெர்மன் ஆகியோர் மனித நரம்பின் கடத்து வேகத்தை அளந்து காட்டினர். 1956-இல் சிம்சன், மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்குண்டவர்களுக்குச் சரியாக அந்த இடத்தில் செய்தி தாமதப்படுவதைக் கண்டார். கடத்தல் சோதனையும் தசையில் ஊசி செருகிச் செய்யும் இ.எம்.ஜி.யும் அதன்பின் நரம்பியலின் அன்றாடக் கருவிகளாயின.

இவற்றின் குறைகளும் நீண்டகாலமாக அறியப்பட்டவையே. கழுத்தடி, இடுப்புக்குழி போன்ற ஆழமான இடங்களில் மின்தூண்டலைத் துல்லியமாகக் கொடுப்பது கடினம். நரம்பிழைகள் அறுந்திருந்தால் சோதனை இழப்பின் அளவைச் சொல்லுமே தவிர, அறுந்த இடத்தை எப்போதும் காட்டிக் கொடுக்காது. காயம்பட்டு இரண்டு மூன்று வாரம் ஆகும்வரை இ.எம்.ஜி.யில் நரம்பிழந்த தசையின் அடையாளங்கள் முழுமையாகத் தோன்றுவதில்லை. வலியைக் கடத்தும் மெல்லிழைகளின் நோயோ வழக்கமான கடத்தல் சோதனையில் அகப்படுவதே இல்லை.

உருவின் பாதையில் நெடுங்காலம் படம் கிடையாது. வகைப்பாடு மட்டுமே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் காயங்களைக் கண்ட ஹெர்பர்ட் செடன் 1943-இல் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார்: கடத்தல் மட்டும் நின்றது, உறை பிழைத்து இழை அறுந்தது, முழுவதும் அறுந்தது. சிட்னி சண்டர்லாண்ட் 1951-இல் அதை ஐந்து படிகளாக விரித்தார். எந்தப் படி என்பது தெரிந்தால் காத்திருப்பதா, அறுவை செய்வதா என்ற முடிவு எளிதாகும். ஆனால் நடுப்படிகளில் விழும் காயத்தை நரம்பைத் திறந்து பார்க்காமல் உறுதிசெய்ய வழி இருக்கவில்லை. எம்.ஆர்.ஐ. வந்தபோது அதைச் சுற்றி எழுந்த எதிர்பார்ப்பு அந்த வெற்றிடத்திலிருந்தே பிறந்தது.

1992-இல் தோன்றிய முறை

சாதாரண எம்.ஆர்.ஐ.யிலும் நரம்பு தெரியும். ஆனால் சுற்றியுள்ள கொழுப்பும் பக்கத்தில் ஓடும் இரத்தக் குழாய்களும் அதை மறைத்துவிடும். 1992, 1993 ஆண்டுகளில் ஹோவ், ஃபில்லர் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்ட கட்டுரைகள் இந்த மறைப்பை விலக்கும் வழியைக் காட்டின. கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி, நீர் மிகுந்த திசுவை வெளிச்சமாக்கும் டி2 முறையைக் கொண்டு, நரம்பு மட்டும் எழுந்து நிற்கும் படங்களை அவர்கள் முதலில் முயல்களிலும் பிறகு மனிதர்களிலும் எடுத்தார்கள். நியூரோகிராஃபி என்ற பெயர் அப்போது நிலைபெற்றது.

இன்று 3 டெஸ்லா கருவியும் உடலோடு ஒட்டி வைக்கும் சுருள்களும் இருந்தால், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பினுள் உள்ள சிறு கற்றைகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளக்கும் முறையைப் பயன்படுத்தி, 2009-இல் முழு உடலின் நரம்புகளையும் ஒரே படத்தில் காட்டினார்கள். நரம்புக் கட்டிகளைப் பொறுத்தவரை இம்முறையின் பயனில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கட்டி எங்கே தொடங்குகிறது, எந்த நரம்போடு ஒட்டியுள்ளது, எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறிய எம்.ஆர்.ஐ.யே முதல் தேர்வு. விவாதம் வேறிடத்தில் நடக்கிறது.

வெண்மை எதைச் சொல்கிறது?

நோயுற்ற நரம்பு டி2 படத்தில் வழக்கத்தைவிட வெளுத்துத் தெரியும், பருத்தும் இருக்கலாம். நியூரோகிராஃபியின் நோயறிதல் பெரும்பாலும் இவ்விரண்டு அடையாளங்கள்மேல் நிற்கிறது. அதன் வலுவும் வலுவின்மையும் இங்கேதான்.

கற்றைக்குள் நீர் கூடினால் நரம்பு வெளுக்கும். நீர் பல காரணங்களால் கூடும். நெருக்குண்ட இடத்தில் இழைக்குள்ளான ஓட்டம் தேங்கலாம். அழற்சியால் நரம்புக்கும் இரத்தத்துக்கும் இடையிலான தடுப்பு கசியலாம். இழையைச் சுற்றியுள்ள மயலின் உறை உரியலாம். வாலர் சொன்ன சிதைவு நடந்துகொண்டிருக்கலாம். நான்கும் படத்தில் வெண்மையாகவே வரும். அவற்றுள் எது என்பதை வெண்மை சொல்லாது. மின்சோதனையோ, மயலின் குலைந்ததா, இழை செத்ததா என்பதைப் பல நேரங்களில் பிரித்துச் சொல்லிவிடும். நரம்பியல் மருத்துவர்களின் தயக்கத்துக்கு இது முதற்காரணம்; நியாயமான காரணமும்கூட.

இரண்டாவது சிக்கல் இயற்பியலைச் சார்ந்தது. நரம்பு ஒழுங்கான இழைகளால் ஆனது. கருவியின் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகைக் கோணத்தில் அது செல்லும்போது, நோய் எதுவும் இல்லாமலேயே வெளுத்துத் தெரியும். தோள்பட்டை நரம்புப் பின்னல் இயல்பாகவே சரிந்து இறங்குவதால் இந்த ஏமாற்றுக்கு அடிக்கடி ஆளாகிறது. அனுபவம் மிக்கவர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். ஆனால் நரம்புப் படங்களை எப்போதாவது பார்க்கும் ஒருவர் எழுதும் அறிக்கையில் அது ‘அழற்சி’ என்று பதிவாகிவிட வாய்ப்புண்டு.

மூன்றாவது, இயல்பு என்பதன் எல்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் முழங்கைகளைப் படமெடுத்தது. அவற்றுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் அல்நார் நரம்பு வெளுத்தே இருந்தது. வெண்மையை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டினால் நலமாயிருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நோயாளிகளாகிவிடுவர். மணிக்கட்டு நெருக்கம் பற்றி 2002-இல் ஜார்விக் குழுவினர் வெளியிட்ட ஆய்விலும் இதே சாயல். எம்.ஆர்.ஐ. நோயுள்ளவர்களுள் 96 விழுக்காட்டினரைப் பிடித்தது. நோயில்லாதவர்களைச் சரியாக விலக்கியதோ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே. அதே குழு பின்னர், நரம்பு எவ்வளவு நீளத்துக்கு வெளுத்திருக்கிறது என்பதற்கும் அறுவையின் பலனுக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டியது. வெண்மை இருக்கிறதா என்று மட்டும் கேட்பதைவிட எங்கே, எவ்வளவு தூரம், எந்த வடிவில் என்று கேட்பது பயன்தரும் என்பதற்கு இது ஒரு தொடக்கச் சான்று.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு வட்டத்தையும் மறக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ.யின் துல்லியத்தை எதோடு ஒப்பிடுவது? பல ஆய்வுகள் மின்சோதனையையே அளவுகோலாக வைத்தன. மின்சோதனையால் காண முடியாததை எம்.ஆர்.ஐ. காண்கிறது என்பதுதான் வாதம் என்றால், அந்த அளவுகோலால் அதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மின்சோதனைக்குப் புலப்படாத ஒன்றைப் படம் காட்டும்போதெல்லாம் அது பிழையாகவே எண்ணப்படும். பிட்டத்துத் தசைக்கடியில் சயாட்டிக் நரம்பு நெருக்குறுவது பற்றிய நீண்ட சச்சரவு இதற்கு எடுத்துக்காட்டு. அந்தத் தசையின் அளவு வேறுபாடும் நரம்பின் வெண்மையும் சேர்ந்திருந்தால் 93 விழுக்காடு தனித்திறனும் (நோயில்லாதவரைச் சரியாக விலக்கும் திறன்) 64 விழுக்காடு உணர்திறனும் (நோயுள்ளவரைப் பிடிக்கும் திறன்) கிடைப்பதாக 2005-இல் ஒரு பெரிய தொகுப்பு அறிவித்தது. அது நியூரோகிராஃபியை உருவாக்கியவர்களின் தரப்பிலிருந்தே வந்தது. அத்தகைய நோய்நிலை தனியாக இருக்கிறதா என்பதிலேயே பலருக்கு ஐயம் நீடிப்பதால், வேறு மையங்களில் முன்னோக்கிய ஆய்வுகளால் உறுதிப்படும்வரை அந்த எண்களைக் கருதுகோளாகவே கொள்வது பொருத்தம்.

விபத்தில் பிய்ந்த வேர்கள்

படத்தின் தேவை மிகக் கூர்மையாக உணரப்படுவது விபத்துக் காயங்களில். இருசக்கர வாகனத்திலிருந்து தோள் தரையில் மோத விழுபவருக்குக் கழுத்து ஒரு பக்கமும் தோள் மறுபக்கமுமாக இழுபட்டு, தோள்பட்டை நரம்புப் பின்னல் கிழிகிறது. இந்தியாவில் இக்காயத்தின் முதன்மைக் காரணம் இதுவே; பாதிக்கப்படுவோரில் மிகுதியானோர் உழைத்துக் குடும்பம் காக்கும் வயதிலுள்ள ஆண்கள். நரம்பு தண்டுவடத்திலிருந்தே வேரோடு பிய்ந்திருந்தால் அது தானாக ஒட்டாது; வேறு நரம்பைத் திருப்பி இணைக்க வேண்டும். வேர் இருந்து, வெளியே அறுந்திருந்தால் ஒட்டு வைக்கலாம். இழுபட்டு மட்டும் இருந்தால் காத்திருக்கலாம். ஆனால் நெடுநாள் காத்திருக்க இயலாது. புதிய இழை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்கிறது. நரம்பின்றிக் கிடக்கும் தசையோ ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் மீட்க முடியாத நிலைக்குப் போகிறது. அறுவையை முதல் ஆறு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று வல்லுநர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

தண்டுவட நீருக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. மைலோகிராம் முன்பு இதற்கான சோதனை. ஊசி வேண்டாத எம்.ஆர்.ஐ. பல இடங்களில் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. பெரியவர்களின் காயங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான மதிப்பாய்வு, வேர் பிய்ந்ததைக் கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ.யின் உணர்திறன் 93 விழுக்காடு என்றும் தனித்திறன் 72 விழுக்காடு என்றும் கணித்தது. இரண்டாவது எண்ணில் சற்று நிற்க வேண்டும். நலமாயிருக்கும் வேர்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் ‘பிய்ந்தது’ என்று தவறாகப் படிக்கப்படலாம் என்பது அதன் பொருள். தண்டுவட உறை கிழிந்து நீர்ப்பை உண்டாவதை வேர் பிய்ந்ததன் அடையாளமாகக் கொள்வது வழக்கம்; நீர்ப்பை இருந்தும் வேர் பிழைத்திருப்பதுண்டு, வேர் போயும் நீர்ப்பை இல்லாதிருப்பதுண்டு. படத்தை மட்டும் நம்பிய அறுவை மருத்துவர், ஒட்டு வைக்கப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரு வேரைக் கைவிட்டுவிடக்கூடும். கழுத்தைத் திறந்து நேரில் பார்ப்பதைப் படம் இன்னும் விலக்கவில்லை.

ஓர் அனுகூலத்தைத் தனியே சொல்ல வேண்டும். நரம்பிழந்த தசை, கொழுப்பு அடக்கிய படத்தில் சில நாட்களிலேயே வெளுக்கத் தொடங்குகிறது. இ.எம்.ஜி.க்கு வாரங்கள் தேவை. எந்தெந்தத் தசைகள் வெளுத்துள்ளன என்பதைக் கொண்டு எந்த நரம்பு, எந்த மட்டத்தில் என்று பின்னோக்கி ஊகிக்கலாம். நரம்பைவிட அது ஆளும் தசை சில வேளைகளில் தெளிவான சாட்சி.

ஆனால் செடன், சண்டர்லாண்ட் விட்டுச்சென்ற நடுப்படிகளின் புதிருக்கு எம்.ஆர்.ஐ. இதுவரை உறுதியான விடை தரவில்லை. உறை தொடர்ந்திருக்க, உள்ளே தழும்பு நிறைந்த நரம்பும், மீண்டு வரவிருக்கும் நரம்பும் படத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே வெளுத்துப் பருத்துத் தெரிகின்றன.

படம் திருத்திய கருத்துகள்

குறைகளையே அடுக்கினால் இந்த முறைக்கு அநீதி செய்ததாகும். சில நோய்களைப் பற்றிய நம் புரிதலையே அது திருத்தியிருக்கிறது.

திடீரெனத் தோளில் கடும் வலி எழுந்து, சில நாட்களில் கை தளர்ந்துபோகும் நோயை 1948-இல் பார்சனேஜ், டர்னர் இருவரும் விரிவாக விவரித்தார்கள். அது தோள்பட்டைப் பின்னலின் அழற்சி என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறின. அண்மை ஆண்டுகளின் நியூரோகிராஃபி ஆய்வுகள், குறிப்பாக நியூயார்க்கிலிருந்து வந்தவை, பெரும்பாலான நோயாளிகளில் பின்னல் இயல்பாகவே இருப்பதையும், அதிலிருந்து பிரியும் தனித்தனிக் கிளை நரம்புகளே பாதிக்கப்படுவதையும் காட்டின. சிலரின் நரம்பில் மணற்கடிகாரத்தின் இடைபோலச் சுருங்கிய இடங்களும் கண்டறியப்பட்டன. தானாக மீளாதவர்களுக்கு அச்சுருக்கங்களை அறுவையால் விடுவிக்கலாமா என்ற புதிய கேள்வி இதிலிருந்து எழுந்துள்ளது.

நீரிழிவு மற்றோர் எடுத்துக்காட்டு. பாதத்தில் தொடங்கி மேலேறும் நோய் என்பதால் பழுதும் நுனியில்தான் என்று எண்ணுவது இயல்பு. 2011-இல் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள், பாதம் எரியும் நீரிழிவு நோயாளிகளின் தொடை மட்டத்திலேயே சயாட்டிக் நரம்பின் சில கற்றைகள் வெளுத்திருப்பதைக் கண்டனர். நுனியில் உணரும் துன்பத்துக்கு மேலே, அடித்தண்டில் சேர்ந்துகொண்டே வரும் சிறு சிறு சிதைவுகள் காரணமாகலாம் என்பது அவர்கள் விளக்கம். அது முடிந்த முடிபு அல்ல. ஆயினும் தொடைக்குள் இருக்கும் நரம்பின் ஒரு கற்றை நோயுற்று அடுத்தது நலமாயிருப்பதை உயிருள்ள மனிதரில் வேறெந்தச் சோதனையாலும் இப்படிக் கண்டிருக்க முடியாது.

அல்ட்ராசவுண்ட் எழுப்பும் கேள்வி

1980-களின் இறுதியிலிருந்து வளர்ந்த நரம்பு அல்ட்ராசவுண்ட், விவாதத்தை மூன்று முனைப் போட்டியாக்கியது. மேலோட்டமான நரம்புகளில் அதன் நுணுக்கம் எம்.ஆர்.ஐ.யை மிஞ்சுகிறது. மணிக்கட்டு முதல் அக்குள்வரை ஒரே நரம்பைச் சில நிமிடங்களில் தொடர்ந்து பார்க்கலாம், கையை மடக்கிப் பார்க்கலாம், செலவும் குறைவு. நாட்பட்ட அழற்சி நரம்புநோய்க்கு ஐரோப்பிய நரம்பியல் அமைப்பும் புற நரம்பு ஆய்வாளர் சங்கமும் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு அல்ட்ராசவுண்டை முன்னிறுத்தி, அது கிடைக்காதபோது அல்லது பயன்தராதபோது எம்.ஆர்.ஐ.யைக் கருதலாம் என்றது. இந்த நோய்க்கான தோள்பட்டைப் பின்னல் படங்களை ஒருவர் படிப்பதற்கும் மற்றொருவர் படிப்பதற்கும் ஒற்றுமை குறைவு என்று நெதர்லாந்து ஆய்வொன்று காட்டியிருந்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தொழுநோயில் இந்த ஒப்பீடு தமிழகத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. உலகில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். கிருமி தோலை ஒட்டிய, சற்றுக் குளிர்ந்த இடங்களில் ஓடும் நரம்புகளையே நாடுகிறது: முழங்கைக்குச் சற்று மேலே அல்நார், முழங்கால் ஓரம் பெரோனியல், கணுக்காலில் டிபியல். வேலூரில் பால் பிராண்ட் 1940-களின் பிற்பகுதியில் தொடங்கிய கை அறுவைப் பணி, நரம்பு போனபின் கையை மீட்பது எப்படி என்று உலகுக்குக் கற்றுத்தந்தது. நரம்பு போகும் முன்பே கண்டறிவது அடுத்த கடமை. கிருமிக்கு எதிராக உடல் அழற்சியுடன் கிளர்ந்தெழும் எதிர்வினைக் காலத்தில் நரம்பு வீங்கி அதனுள் இரத்த ஓட்டம் கூடுவதை அல்ட்ராசவுண்டின் டாப்ளர் காட்டும் என்றும், எம்.ஆர்.ஐ.யிலும் அதற்கு இணையான மாற்றங்கள் தெரியும் என்றும் 2000-ஆம் ஆண்டளவிலேயே ஆய்வுகள் வந்தன. நரம்புகள் மேலோட்டமாக இருப்பதாலும், பல நரம்புகளைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருப்பதாலும், இங்கே அல்ட்ராசவுண்டே பொருத்தமானது என்பது என் மதிப்பீடு. எம்.ஆர்.ஐ. கருவி கிடைக்கிறது என்பதற்காக அதைத் தொழுநோயின் வழக்கச் சோதனையாக்குவது வளத்தைத் தவறான இடத்தில் செலவிடுவதாகும். ஆழமான பின்னல்கள், இடுப்புக்குழி, எலும்புக்குப் பின்னுள்ள நரம்புகள் ஆகியவற்றில்தான் எம்.ஆர்.ஐ.க்கு மாற்று இல்லை.

கண்ணை நம்பாமல் எண்ணை நாடுதல்

படிப்பவரைப் பொறுத்து விடை மாறுவதால், வெண்மையைக் கண்ணால் மதிப்பிடாமல் எண்ணாக அளக்கும் முயற்சிகள் வலுப்பெற்றுள்ளன. நீர் மூலக்கூறுகள் இழையின் திசையில் எவ்வளவு, குறுக்கே எவ்வளவு நகர்கின்றன என்பதை அளப்பது ஒன்று. இழைகள் சிதைந்தால் திசைச்சார்பு குறையும். மீண்டும் வளர்ந்தால் கூடும். எலிகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. மனிதரில் வயது, உடல் எடை, கருவியின் வகை ஆகியவற்றால் எண் மாறுவதால், ஒரு மருத்துவமனையின் எல்லைக்கோடு இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை.

மரபுவழி அமிலாய்டு நோயில், மரபணுப் பிழை இருந்தும் நோய்க்குறி இன்னும் தோன்றாதவர்களின் சயாட்டிக் நரம்பிலேயே மாற்றத்தை அளவீடுகள் காட்டியுள்ளன. அந்நோய்க்கு இப்போது மருந்துகள் வந்துவிட்டதால், எப்போது தொடங்குவது என்பதில் இது கைகொடுக்கக்கூடும். மற்றொரு மரபுவழி நரம்புநோயான சார்க்கோ-மேரி-டூத் நோயிலோ, ஓராண்டுக்குள் நிகழும் மாற்றத்தை உணர்த்திய அளவு நரம்பிலிருந்து வரவில்லை. கெண்டைக்கால் தசையில் ஏறும் கொழுப்பிலிருந்து வந்தது. லண்டன் குழுவினர் 2016-இல் வெளியிட்ட அந்த முடிவு, நரம்பு நோயை அளக்கச் சிறந்த இடம் நரம்புதானா என்ற கேள்வியையும் எழுப்புகிறது.

இன்னும் திறந்திருப்பவை

பழுது எங்கே என்ற கேள்விக்கு, ஆழமான நரம்புகளில் எம்.ஆர்.ஐ. இன்று கிடைக்கும் மிகச் சிறந்த விடையைத் தருகிறது. பழுது எந்த வகை என்பதற்குக் கட்டியிலும் கிளை நரம்பின் சுருக்கத்திலும் நன்றாகவும், நெருக்கத்திலும் அழற்சியிலும் ஓரளவுக்கும் விடை சொல்கிறது. நரம்பு மீளுமா என்பதற்கு நம்பத்தக்க விடை இன்னும் வரவில்லை. எண்ணளவைகள் அந்த இடைவெளியை நிரப்பலாம். நிரப்பும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. படம் எடுத்ததால் நோயாளியின் கை கூடுதலாகப் பிழைத்தது என்று நேரடியாகக் காட்டும் ஆய்வுகளும் மிகக் குறைவு. துல்லியத்தை அளந்த ஆய்வுகளே இத்துறையில் மிகுதி.

இயல்பின் எல்லையும் திறந்த கேள்வியே. இதுவரையான அளவீடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, வட அமெரிக்க, கிழக்காசிய மையங்களிலிருந்து வந்தவை. தறியிலும் கட்டுமானத்திலும் வயலிலும் உழைக்கும் கைகளின் நரம்பு, நீரிழிவு பரவலான மக்கள்தொகையின் நரம்பு, அந்த எல்லைக்குள் அடங்கும் என்று கொள்வதற்கு ஆதாரம் வேண்டும். வாகன விபத்தில் கை செயலிழந்தவர்களை நாள்தோறும் காணும் நம் மருத்துவமனைகளிடம் அந்த ஆதாரத்தைத் திரட்டும் வாய்ப்பு இருக்கிறது. ஒரே முறையில் எடுத்த படத்தையும், அறுவையின்போது கண்ணால் கண்டதையும், இரண்டாண்டுக்குப் பின் கை எவ்வளவு தூக்குகிறது என்பதையும் ஒரே பதிவேட்டில் சேர்த்து வைக்கும் பழக்கத்தை அவை இப்போதே தொடங்க வேண்டும்.